உரியாத கருப்பு

வேலூர் விடுதி
29.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கலைமதி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, அதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கும் அம்மாவுக்கும் எப்படி இருக்கிறது? உங்கள் போன் உப்புப் பாத்தித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனதை அம்சவல்லி சித்தி வார்டனைக் கூப்பிட்டுச் சொன்னார். வார்டன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சாவு, காய்ச்சல், ரெண்டுக்குத்தான் இந்த நம்பர்" என்றார். ஆகவே இனி நமக்குள் கடிதம்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. எழுதினால் நான் நினைத்ததை முழுதாகச் சொல்ல முடியும். போனில் நீங்கள் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு ஒரு நர்ஸ் வந்து பேசினார். பெயர் கமலாம்பாள். பலகையில் 'தோல் புற்றுநோய்' என்று எழுதியதும் பின் வரிசையில் சிரிப்பு. ஒருத்தி எழுந்து, "அது வெள்ளைக்காரங்களுக்கு வர்றது மிஸ், நாமதான் கருப்பாச்சே" என்றாள். அவர் கோபப்படவில்லை. "நமக்கு வெயில் படுற இடத்துல வர்றது குறைச்சல்தான். ஆனா உள்ளங்கால்ல வரும், உள்ளங்கையில வரும், நகத்துக்கு அடியில வரும். அங்க யாரு பாக்கறோம்?" என்றார்.

நான் நம் தெருவை நினைத்துக்கொண்டேன். பாதிப் பேர் உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர்கள். அதில் யாராவது தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை. வெடிப்பு எரிந்தால் எண்ணெய் வைப்பார்கள், அவ்வளவுதான்.

சீக்கிரம் கண்டால் முழுதாகக் குணமாகிவிடும் என்றார். தாமதித்தால் உள்ளே இறங்கிவிடுமாம். நீங்களும் அம்மாவும் உங்கள் கால்களைப் பாருங்கள் அப்பா. சிரிக்காமல் பாருங்கள்.

அன்புடன்
கலைமதி

மரக்காணம்
7.7.2025

அன்பு மகள் கலைமதிக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இந்த வருடம் வெயில் உப்புக்கு நல்லது, மனிதனுக்குத்தான் ஆகவில்லை. பருப்பு இல்லாவிட்டால் வார்டனிடம் கேள், வாயை மூடிக்கொண்டு இருக்காதே. நீ வாயை மூடிக்கொண்டு இருப்பாய் என்று நான் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "படிக்க அனுப்பினா காலைப் பாரு கையைப் பாருன்னு எழுதுறா" என்றாள். உப்பளத்தில் வேலை இடைவேளையில் மேஸ்திரி தட்சணாமூர்த்தியிடமும் சொன்னேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "ஏம்பா சகாதேவா, உப்புல நிக்கிற காலுக்கு எங்கப்பா நோயி வருது? உப்புத் தண்ணி படாத நோயா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் நர்ஸ் நம் ஊருக்கு வந்தால் குழம்பிப்போவார். இங்கே எல்லார் காலும் கருப்புத்தான். வெடிப்புக்கும் கால் ஆணிக்கும் முந்திரித் தோல் எண்ணெய் வைக்கிறோம். அது பட்ட இடம் வெந்து கருத்துவிடும். புள்ளி இல்லாத கால் வேண்டும் என்றால் அளத்து முதலாளி காலைத்தான் பார்க்க வேண்டும்.

நன்றாகப் படி. காலையில் பால் குடி.

அப்பா
சகாதேவன்

வேலூர் விடுதி
13.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்று எழுதியதைப் படித்தேன். நானும் சுகமே. பால் கொடுப்பதில்லை, பால் நிறத்தில் ஒரு தண்ணீர் கொடுக்கிறார்கள்.

மேஸ்திரி சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் ஏன் சேர்ந்து சிரித்தீர்கள்? உப்பு எல்லாவற்றையும் ஆற்றும் என்றால் ஏன் எல்லோர் காலும் வெடித்திருக்கிறது?

முந்திரி எண்ணெய் விஷயத்தைத் தாவரவியல் டீச்சரிடம் சொன்னேன். அவர் போன் போட்டு அந்த நர்ஸிடமே கேட்டுச் சொன்னார். எண்ணெய் பட்டுக் கருப்பது மேல்தோல் மட்டும். சில வாரங்களில் அது செத்த தோலோடு உரிந்து போய்விடும். உரிந்த பிறகும் அதே இடத்தில் கருப்பு இருந்தால் அது எண்ணெய் அல்ல. மழைக்காலத்தில் வேலை நின்றதும் எல்லார் காலும் வெளுத்துவிடும் இல்லையா, அப்போதும் ஒரு புள்ளி அப்படியே நின்றால் அதைத்தான் பார்க்க வேண்டும். நம் ஊரில் எண்ணெய்க் கருப்பு என்று நினைத்தே விட்டுவிடுவார்கள், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கெட்ட புள்ளி வட்டமாக இருக்காதாம். ஓரம் கிழித்த காகிதம் போல ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரே புள்ளிக்குள் கருப்பும் பழுப்பும் கலந்திருக்கும். பென்சிலின் பின்பக்கத்தைவிடப் பெரிதாக இருந்தாலோ, மாதத்துக்கு மாதம் மாறினாலோ உடனே காட்ட வேண்டும். வலிக்காது. வலிக்காததால்தான் விட்டுவிடுகிறார்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்தால் உள்ளங்கால் முழுதும் தெரியும். விரல்களைப் பிரித்தும் பாருங்கள். பிறகு வெள்ளைத் தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, புள்ளி இருக்கும் இடத்தில் அதே அளவுக்குக் குறித்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் இரண்டு கால், அம்மாவின் இரண்டு கால். நான்கு தாள். மாதாமாதம் அனுப்பினால் ஒன்றின் மேல் ஒன்று வைத்து நானே பார்த்துக்கொள்வேன்.

அன்புடன்
கலைமதி

மரக்காணம்
10.8.2025

அன்பு மகள் கலைமதிக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உப்பு வாரும் மும்முரம். இரண்டு பேர் வேலைக்கு வராமல் ஆரோவில் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் இருக்கிறவர்கள் முதுகு ஒடிகிறது.

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உன் அம்மாவின் வலது கால். சுண்டுவிரலின் அடியில் ஒரு கருப்பு இருக்கிறது. நீ சொன்னபடி அதே அளவுக்குக் குறித்திருக்கிறேன். ஓரம் கொஞ்சம் நெளிந்து இருக்கிறது. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் டீத்தூள் நிறம். வலி இல்லை. எப்போது வந்தது என்று தெரியவில்லை, போன வருடமே இருந்திருக்கலாம். ஆணி என்று நினைத்துப் பிளேடால் சீவி எண்ணெயும் வைத்தாயிற்று. உரியவில்லை.

இதைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது? மனதில் பட்டதை நேராக எழுது. சுற்றி வளைத்து எழுதாதே.

அம்மாவிடம் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச வேண்டாம், பயந்துவிடுவாள்.

அப்பா
சகாதேவன்

வேலூர் விடுதி
14.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் நலம் என்று எழுதிய வரிக்குக் கீழேயே இப்படி ஒன்றை எழுதியிருக்கிறீர்கள், அதை நலம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நேராக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஓரம் நெளிந்திருக்கிறது. இரண்டு நிறம். நீங்கள் குறித்ததன் மேல் பென்சிலின் பின்பக்கத்தை வைத்தேன், புள்ளி அதைத் தாண்டி வெளியே தெரிகிறது. சீவியும் உரியவில்லை. நர்ஸ் சொன்ன எல்லாமே இருக்கிறது. அம்மா உடனே புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போக வேண்டும். அடுத்த வாரம் அல்ல, நாளைக்கு. அதைப் பிளேடால் சீவவே கூடாது. யார் சீவியது? அம்மாவே சீவினாளா?

அம்மாவின் கால் இவ்வளவு பெரியதா? தாளின் ஓரம் வரைக்கும் வந்திருக்கிறது. வருடம் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று இப்படி விரிந்துவிட்டதா? அதை நினைத்தாலே யார் மேலாவது கத்த வேண்டும் போல இருக்கிறது.

நான்கு தாள் கேட்டேன். ஒன்றுதான் வந்திருக்கிறது.

கலைமதி

மரக்காணம்
14.9.2025

அன்பு மகள் கலைமதிக்கு,

இங்கே சுகம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக எழுதுவாய் என்று தெரியும்.

கால் பெரிதாகத் தெரிந்ததற்குக் காரணம் பென்சிலை வெளிப்பக்கம் சாய்த்துப் பிடித்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். சீசன் முடியட்டும் என்கிறாள். நடுவில் போனால் மேஸ்திரி அந்தப் பாத்தியில் வேறு ஆளை நிறுத்திவிடுவான், பிறகு அடுத்த வருடம் வரப்பில் நின்று கெஞ்ச வேண்டும். அது உண்மைதானே? இன்னொன்றும் சொல்கிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தப் பேரைச் சொல்லிவிடுவார்கள், சொல்லிவிட்டால் தெருவில் ஒருத்தரும் நம் வீட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்று.

ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதே. போன வாரம் இங்கேயே ஒரு டாக்டரிடம் போனது உண்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாம். காலைத் தூக்கி அவர் முன்னால் வைக்கக் கூச்சமாக இருந்தது. உப்பும் வெடிப்புமாக இருக்கிற காலை எப்படி ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டுவது? கீழேயே வைத்துக்கொண்டு சொன்னதற்கு, "சேத்துப்புண்ணு, ஆயின்மென்ட் எழுதித் தரேன்" என்றார். அவரும் குனியவில்லை. ஆயின்மென்ட் போட்டாகிறது.

நீ கவலைப்படாமல் படி. நீ கவலைப்படுவாய் என்று தெரிந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன்.

அப்பா
சகாதேவன்

வேலூர் விடுதி
17.9.2025

அப்பாவுக்கு,

என் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு நாளாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

குனியாத டாக்டர் எதற்கு டாக்டர்? உப்பில் நிற்கிற காலுக்கு நோய் வராது என்ற மேஸ்திரிக்கும் சேற்றுப்புண் என்று சொன்ன அவருக்கும் என்ன வித்தியாசம்? நான் உயிரியல் புத்தகத்தில் தோலின் அடுக்குகளை வரைந்து பாகம் குறிக்கிறேன். வரையும்போது அம்மாவின் சுண்டுவிரல்தான் நினைவுக்கு வருகிறது. அது எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறதோ?

அம்மாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். ஒரு வார்த்தை விடாமல் படியுங்கள்.

கலைமதி

அம்மாவுக்கு,

நீ எனக்குத் தலை வாரும்போது ஒரு பேன் இருந்தாலும் விட மாட்டாய். என் கழுத்தில் வேர்க்குரு வந்தால் வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்ப்பாய். உன் காலில் இருப்பதை மட்டும் ஏன் பார்க்க மாட்டேன் என்கிறாய்? கிளியனூரில் கல்யாணம் என்றால் முதல் பஸ்ஸுக்கு நிற்கிறாய். புதுச்சேரி அதைவிட ரொம்பத் தூரமா? உன் காலைவிட மேஸ்திரியின் பாத்தி உனக்குப் பெரிதா? தெருவில் தண்ணீர் குடிக்க மாட்டார்களாம். குடிக்காமல் போகட்டும், யார் கூப்பிட்டார்கள்? உன்னைப் போலக் கூறு கெட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. இப்படி எழுதுவதற்கு நீ என்னை அடித்தாலும் சரி. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து அடி.

கலை

மரக்காணம்
5.10.2025

அன்பு மகள் கலைமதிக்கு,

சுகம். நீ சாப்பிடு.

உன் தாளை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான்கு நாளாக மழை. பாத்தியெல்லாம் நல்ல தண்ணீர் கட்டிவிட்டது, உப்பு அம்பாரத்தைத் தார்ப்பாயில் மூடியாயிற்று. வேலை நின்றது. எல்லார் காலும் வெளுத்துவிட்டது, எண்ணெய்க் கருப்பெல்லாம் தோல் தோலாக உரிந்து போகிறது. இது போகவில்லை.

புதிதாக வரைந்து வைத்திருக்கிறேன். பென்சிலை நேராகப் பிடித்தேன். பக்கத்து விரல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்த மாதிரித் தெரிகிறது. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா? நீ பழைய தாளின் மேல் வைத்துப் பார்த்துச் சொல்.

அப்பா

மரக்காணம்
10.10.2025

அன்புள்ள கலை அக்காவுக்கு,

அம்சவல்லி சித்தி மகள் ஷாலினி எழுதுகிறேன். நான் நல்லா இருக்கேன், அம்மாவும் நல்லா இருக்காங்க. ராசம்மா பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சொல்வதை மாற்றாமல் எழுதச் சொல்கிறார். மாற்றினால் காதைத் திருகுவாராம். இனிமேல் வருவதெல்லாம் அவர் சொல்வது.

ஏ கலை. நல்லா இருக்கியா. சோறு துன்றியா. இங்க மழையில கூரை ஒழுவுது, உங்கப்பன் தகரப் பொட்டிய நவுத்தி வெச்சேன். உள்ள நனையப்போவுதேன்னு தொறந்தா உன் கடுதாசி. ஷாலினி போன் சார்ஜ் போட வந்திச்சி. பெரியம்மா, இதுல அம்மாவுக்குன்னு தனியா எழுதியிருக்குதேன்னுது. படிடின்னேன்.

யாரு கூறு கெட்டவ? எனக்கு எந்தக் கால்லடி நோவு? உங்கப்பன் ஒரு நாளும் அந்தத் தாளைப் படிச்சுக் காட்டல. நீ நல்லா படிக்கிறேன்னு எழுதியிருக்கேன்னு சொல்லிச்சி. எனக்கு டாக்டரும் இல்ல ஒன்னும் இல்ல. சுண்டு விரல்ல கருப்பும் இல்ல. ரெண்டு காலையும் ஷாலினிகிட்ட காட்டிட்டேன், கேட்டுக்கோ.

(அக்கா, நான் பார்த்தேன். சுண்டுவிரலில் ஒன்றுமில்லை. வெடிப்புதான் இருக்கிறது.)

கொஞ்ச நாளா உங்கப்பன் வீட்டுக்குள்ளயே செருப்பு போட்டுக்கினு திரியுது. என்னாய்யா கவர்மென்ட் ஆபீசரான்னு கேட்டேன். முள்ளு குத்திச்சின்னு சொல்லிச்சி. இன்னிக்கு கஞ்சி குடிச்சிக்கினு இருந்த ஆளோட காலைப் புடிச்சி இழுத்துத் திருப்பிட்டேன். கஞ்சி பூரா என் மேல. விடு ராசம்மா, விடுன்னுது. விடல. பாத்துட்டேன் கலை. சுண்டு விரலுக்கு அடியில கருப்பா இருக்குது.

நீ எழுதின அத்தினியும் இப்ப உங்கப்பனுக்குத் திருப்பி எழுது. இன்னும் நாலு சேத்து எழுது.

(பெரியம்மா எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் அக்கா.)

ஷாலினி

வேலூர் விடுதி
14.10.2025

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் நீங்கள் பொய்தான் சொல்வீர்கள்.

ஷாலினியின் கடிதமும் உங்கள் இரண்டாவது தாளும் ஒரே நாளில் வந்தன. தாளைத் தரையில் விரித்து அதன் மேல் என் காலை வைத்தேன். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். எனக்கும் அப்படித்தான். சகாதேவன் கால் அப்படியே இவளுக்கு என்று நான் பிறந்ததிலிருந்து சொல்கிறார்கள். அம்மாவுக்கு அப்படி இருக்காது. இதை நான் ஆகஸ்ட் மாதமே பார்த்திருக்க வேண்டும். பென்சில் சாய்ந்துவிட்டது என்றீர்கள், நம்பினேன். உலகத்தில் யாரையாவது நம்பலாம் என்று நான் நினைத்த ஒரே ஆள் இப்படிச் செய்திருக்கிறார்.

கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில். பழைய தாளின் மேல் புதிய தாளை வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. புள்ளி வளர்ந்திருக்கிறது. நான்காவது விரலைத் தொடப் போகிறது.

ஆகஸ்டில் போகச் சொன்னேன். செப்டம்பரில் போகச் சொன்னேன். போக மாட்டேன் என்றது அம்மா இல்லை, நீங்கள். பாத்தி போய்விடும் என்றது நீங்கள். தெருவுக்குப் பயந்தது நீங்கள். டாக்டர் முன் காலைத் தூக்கக் கூச்சப்பட்டதும் நீங்கள். எல்லாவற்றையும் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் தலையில் போட்டுவிட்டு, நான் அவளைத் திட்டத் திட்டப் படித்துக்கொண்டிருந்தீர்கள். கூறு கெட்டவள் என்று எழுதினேன் அப்பா. அம்மாவை எழுதினேன். அதை மூன்றாவது மனுஷி வாயால் அவள் கேட்டிருக்கிறாள்.

இன்னொன்று. இதுதான் எனக்குத் தாங்கவே முடியவில்லை. ஜூன் மாதத்திலிருந்து நான் அம்மாவின் காலைப் பார்க்கச் சொல்கிறேன். நீங்கள் எழுதியது எல்லாம் உங்கள் கால் என்றால், அம்மாவின் காலை இதுவரை யாருமே பார்க்கவில்லை. ஷாலினி சுண்டுவிரலைப் பார்த்தாள், அவள் சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? நீங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை தீபாவளி விடுமுறைக்கு வருகிறேன். துணி எடுக்க வேண்டாம், பட்டாசு வேண்டாம். பண்டிகை முடிந்த மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் புதுச்சேரி போகிறோம். டாக்டர் குனியாவிட்டால் நான் உங்கள் காலைத் தூக்கி அவர் மேஜையில் வைப்பேன்.

கலைமதி

புதுச்சேரி
23.11.2025

அன்பு மகள் கலைமதிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் படுத்திருக்கிறேன், அம்மா கீழே பாயில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரர் மனைவியோடு ஊர்க்கதை பேசுகிறாள். இருவரும் நன்றாக இருக்கிறோம். இந்தத் தடவை அது பொய் இல்லை.

நீ விடுமுறை முடிந்து போகும்போது என்னிடம் பேசாமல் பஸ் ஏறினாய். அதன் பிறகு கடிதமும் இல்லை. அது பரவாயில்லை. சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தபோது கிள்ளி எடுத்து அனுப்பிய சதையில் அதுதான் என்று வந்தது. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். தொடை இடுக்கிலிருந்து ஒரு நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்த்தார்கள், அதில் பரவவில்லையாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். இன்னொரு சீசன் விட்டிருந்தால் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்று டாக்டரம்மா சொன்னார். முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். "என் பொண்ணுங்க. வேலூர்ல இருந்துகிட்டே" என்றேன். "எப்படி?" என்றார். அம்மா நடுவில் புகுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், மொத்த வார்டும் கேட்டது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் கால் என்று எழுதியிருந்தால் நீ அழுதுகொண்டு பதில் எழுதுவாய், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாய். அம்மாவின் கால் என்றால் கோபமாக எழுதுவாய். நீ கோபத்தில் எழுதும்போது ஒன்றையும் மறைப்பதில்லை. எனக்கு அந்தப் பதில் தேவையாக இருந்தது. வந்தது. வந்த பிறகு பயந்துவிட்டேன். இதில் வேறு ஒன்றும் இல்லை.

அம்மாவின் இரண்டு காலையும் வார்டுக் கண்ணாடியைக் கீழே வைத்து நானே பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்தார். குதிகாலில் எண்ணெய்க் கருப்பு ஒரு துளி, உரிந்து வருகிறது. வேறில்லை. இரண்டு தாள் வைத்திருக்கிறேன். வரையும்போது கூசுகிறது என்று காலை இழுத்துக்கொண்டே இருந்தாள், அதனால் கோடு கோணல். கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் அந்தக் காலை நான் சரியாகப் பார்த்ததில்லை. சின்னக் கால் கலை. முடித்ததும் அவள் ஒன்று கேட்டாள். "ஆமா, ஊரு காலெல்லாம் பாக்கறாளே, அவ காலை யாரு பாத்தா?" அதை அப்படியே உனக்கு எழுதுகிறேன்.

என் இரண்டு காலையும் வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். வலது காலில் கட்டுப் போட்டிருப்பதால் நினைவில் இருந்து வரைந்தேன்.

அப்பா
சகாதேவன்

வேலூர் விடுதி
27.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

பரவவில்லை என்ற வரியை டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், நான் படித்தது சரிதானா என்று தெரிந்துகொள்ள. சரிதான் என்றார். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அம்மா, உன்னைத் திட்டியதற்கு நேரில் வந்து அடி வாங்கிக்கொள்கிறேன். நீ கேட்டதற்குப் பதில், யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. உன் கேள்வி வந்த அன்றுதான் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தேன். இடது குதிகாலில் வட்டமாக ஒரு மச்சம், பென்சில் பின்பக்கத்தைவிடச் சிறியது. ஓரம் நெளியவில்லை. எப்போதிலிருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும். என் இரண்டு காலையும் வரைந்து வைத்திருக்கிறேன். என் தாள்களை நீ வைத்துக்கொள். உங்கள் தாள்கள் என்னிடம் இருக்கட்டும்.

அப்பா, காரணம் எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். கோபம் போகவில்லை. நான் அழுதாலும் ஒன்றையும் மறைக்காமல்தான் எழுதியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியாமல் போனதுதான் எனக்குக் கோபம்.

வலது காலை நினைவில் இருந்து வரைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். ஐந்து விரல் இருக்கிறது. நான் பார்த்தால் அழுவேன் என்றுதானே அந்த விரலையும் சேர்த்து வரைந்தீர்கள்? அந்தத் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கட்டுப் பிரித்ததும் காலை நேராகத் தாளில் வைத்து, இருப்பதை மட்டும் வரைந்து அனுப்புங்கள்.

கலைமதி